கோமளா அக்கா பாடிய ஈப்போ

செய்தி வந்தபோது நான் பாகான் செராயில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கோமளா அக்காவின் தங்கை விமலாதான் அழைத்தார். "அண்ணே, அக்கா போயிட்டா. கோப்பி கேட்டா, கொண்டு வாரதுக்குள்ள தூங்குன மாதிரியே போயிட்டா" என்றவர், மூச்சை இழுத்துக்கொண்டு, "அழுவுற பாட்டு ஒண்ணும் போடக்கூடாதுன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னா. முந்தியே சொல்லி வச்சிட்டா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போன பிறகும் என்னை வேலை வாங்க அவர் ஒருவரால்தான் முடியும்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, நகருக்குள் சிலிபினில் குடியிருந்தவர். கல்யாணங்களிலும் லூமுட் கடற்கரை ஓட்டல்களிலும் பிறர் கேட்ட பாட்டுகளைப் பாடிப் பிழைத்தார். வீட்டுக்கு வந்தால் பியானோவின் முன் உட்கார்ந்து சொந்தப் பாட்டு கட்டுவார். நான் அவருக்கு மைக் வைத்தவன். அவர் மேல் ஸ்தாயிக்குப் போனால் மண்டபத்துப் பந்தியில் இலை போடுகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள்.

ஒருநாள் என் ஒலிபெருக்கிக் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சேகரு, தொண்டையில கட்டி இருக்காம். வெட்டணுமாம். வெட்டுனா கொரலு இப்படியே இருக்குமான்னா டாக்டரு வாயே தெறக்க மாட்டேங்கிறாரு. அதுக்குள்ள நம்ம ஈப்போவ ஒரு ஆல்பமா பாடிடணும் லா. நானும் பியானோவும் மட்டும்." நான் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தேன். "மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? ஒனக்கா வெட்டப் போறாங்க?" என்று அவரே சிரித்தார்.

அவர் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்தோம். ஈப்போ ஈரத்தில் பியானோவின் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியும். அந்தக் கதகதப்புக்கு ஒரு பல்லி குடிவந்துவிட்டது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் காலையைப் பற்றிய பாட்டை அக்கா ஒரு பிசிறில்லாமல் முடித்து, கடைசிச் சுரம் அடங்கும் நேரத்தில் பல்லி சொன்னது. அக்கா தன்னையறியாமல் நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுபோல் விரலால் மரத்தில் மூன்று தட்டு தட்டினார். "கெட்டுப்போச்சு அக்கா, மறுபடியும் எடுப்போம்" என்றேன். "பல்லியே ஆமான்னு சொல்லிருச்சு. வேணாங்கிறதுக்கு நீ யாருடா?" என்றார். அது அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. அங்கே என்ன மேளம் வைத்தீர்கள் என்று சீன நண்பர்கள் இன்னமும் என்னைக் கேட்கிறார்கள்.

மதியமானால் மழை பிடித்துக்கொள்ளும். கூரையில் கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் பதிய முடியாது. இப்படியே நாட்கள் போய், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பாட்டு மிஞ்சிவிட்டது. பிறந்த தோட்டத்தைப் பற்றிய பாட்டு. எல்லாவற்றிலும் உயர்ந்த சுருதியில் கட்டியது. அதற்காகத்தான் குரலைப் பாதுகாத்து வைத்திருந்தார். அன்று முழுக்க மழை விடவே இல்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரி, சாப்பிடலாம் வா" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரலும் வந்தது, ஆனால் அது பழைய குரல் இல்லை. தாழ்ந்து, கரகரத்து, வாணலியைச் சுரண்டுவதுபோல் இருந்தது. பழைய உயரத்துக்கு ஏறினால் பாதியில் காற்றுதான் வரும். "அந்தப் பாட்ட வேற யாராச்சும் சின்னப் பொண்ண வச்சுப் பாட வச்சிரலாம் அக்கா" என்றேன். வாங்கு வாங்கென்று என்னை வாங்கிவிட்டார். "தோட்டமே வீடுங்க கட்டித் தாமான் ஆயிருச்சு. பால்மரம் நின்ன எடத்துல காரு நிக்குது. என் கொரலு மட்டும் மாறக்கூடாதா?"

பியானோவில் பாட்டைக் கீழே இறக்கினார். வரவில்லை. இன்னும் இறக்கினார். பேசுகிற குரலின் பக்கத்தில் வந்ததும் பாட்டு அதில் உட்கார்ந்துகொண்டது. "லயம் இருந்த எடத்துல வீடு வந்திருச்சு, மழை மட்டும் பழைய நேரத்துக்கே வருது" என்று அவர் பாடினார். கரகரப்பை மறைக்க நான் கொஞ்சம் எக்கோ சேர்த்துப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எதுக்கு லா என்னைய கெணத்துல தள்ளுற? தூக்கி விடு" என்றார். தூக்கிவிட்டேன்.

சாவு வீட்டில் எதைப் போடுவது என்று விமலா என்னைப் பார்த்தார். நான் அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டேன். மற்ற பாட்டுகளை நாமெல்லாம் அண்ணாந்து கேட்கத்தான் முடியும். இந்தப் பாட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மெல்ல முனகத் தொடங்கினார்கள். பிறகு ஆண்கள் சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஆ லிங் ஆண்ட்டிக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, அவரும் ராகத்தைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தின் சத்தம் ஸ்பீக்கரைத் தாண்டிவிட்டது. நான் ஒலியைக் குறைத்துக் குறைத்து அணைத்தே விட்டேன். பாட்டு நிற்கவில்லை. விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களாண்ணே, கச்சேரியே நடத்திட்டா" என்று சிரித்தார்.

அக்காவின் உச்சக் குரல் என் கடை அலமாரி நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது வேறு. வாழ்நாள் முழுக்கப் பிறர் பாட மைக் வைத்தேனே தவிர, நான் வாயைத் திறந்ததில்லை; என் தொண்டை அப்படி. இப்போது வேன் ஓட்டும்போதெல்லாம் பாடுகிறேன். குரல் நன்றாக இருந்தபோது அக்கா கட்டி வைத்த உயரம் எனக்கு எந்தக் காலத்திலும் எட்டாது. குரல் போன பிறகு அவர் இறக்கி வைத்த பாட்டு எட்டுகிறது.