மைனாவின் வயிற்றுச் சிவப்பு

தன் நாய் மைனாவை மல்லாக்கப் புரட்டி, அதன் அடிவயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார் முருகையன். விரலை எடுக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார். தோல் ஒரு கணம் வெளுத்து மறுபடி சிவக்கிறது. "வெளுத்துச்சு சார்," என்கிறார் என்னிடம். பிறகு அக்குள், காதோரம், முழங்கை. "நேத்து ரோஸா இருந்துச்சு. இன்னிக்கு தக்காளி மாரி கீது." அதன் பிறகுதான் இஸ்திரிப் பெட்டியில் கரி விழும்.

கோபாலபுரத்தில் எங்கள் தெரு முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது அவர் இஸ்திரி வண்டி. ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. சட்டைக் காலரை இரண்டு தரம் நீவாமல் பெட்டியை வைக்க மாட்டார். வண்டிக்கடியில் படுத்திருக்கும் மைனாதான் உறவு. "இன்னா மைனா, டீ வோணுமா?" என்று கேட்டு, பதில் வந்ததுபோல் பொறையை நனைத்துப் போடுவார்.

இந்தக் கோடையில் அது சொறிய ஆரம்பித்தது. காதோரம் முடி கொட்டித் தோல் தடித்தது. வேப்பெண்ணெய் தடவினார், மஞ்சள் பூசினார். கடைசியில் வண்டியைச் சுற்றிப் பழைய வேட்டியைத் தொங்கவிட்டு அதை மறைத்தார். துணி கொடுக்க யார் வந்தாலும் உரக்கப் பேசுவார், கீழே சொறியும் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று. எதிர் வீட்டு நீரஜா ஒருநாள் வேட்டியை விலக்கிவிட்டார். "இது பக்கத்துல கிடந்த துணியையா நாங்க உடுத்தறோம்? கார்ப்பரேஷனுக்குப் போன் பண்றேன்!" அன்று அவர் தேய்த்த என் சட்டையில் கருகல் விழுந்தது. அப்படி இதற்குமுன் நடந்ததே இல்லை.

நான்தான் ஆட்டோ பிடித்து இருவரையும் கால்நடை டாக்டர் ரூபீனாவிடம் அழைத்துப் போனேன். வழியெல்லாம் மைனாவின் தலையை மார்போடு அணைத்திருந்தார். "ஊசி போட்டு முடிச்சிடுவாங்களா சார்?"

"தூங்கும்போது எழுந்து சொறியுதா? சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டுச் சொறியுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"எப்பனா ஒரு தபா டாக்டரம்மா. அவ்ளோதான்."

டாக்டர் மைனாவின் காது நுனியை மடித்துத் தேய்த்தார். அதன் பின்னங்கால் தானாக எழும்பிக் காற்றைச் சொறிந்தது. விட்டதும் நின்றது. "பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க. எவ்வளவு அரிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே மருந்து கேக்குதான்னு பார்க்க முடியும்?" என்றவர், தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "சொறிப்பூச்சி. குணமாயிடும். ஆனா மனுஷங்களுக்கும் ஒட்டும். உங்களுக்கு அரிப்பு இருக்கா?"

முருகையன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். முழங்கை வரை சிவப்புப் புள்ளிகள்.

"தெருவுல சொல்லிடாதீங்க சார். எவனும் துணி தர மாட்டான்."

மைனாவுக்கு மருந்து கொடுத்து, முருகையனைத் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார் ரூபீனா. ஆறும்வரை பிறர் துணியைத் தொட வேண்டாம் என்றார். கட்டைவிரல் வித்தையும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்: அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, தோலுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம், உடனே வாருங்கள். அந்தச் சொல்தான் அவரைக் காலைதோறும் குனிய வைக்கிறது.

சொல்லாதீர்கள் என்று கெஞ்சியவர், மறுநாள் தானே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "பயந்துக்கினே எத்தினி நாளு சார் தேய்க்கிறது?" பாதி வீடுகள் லாண்டரிக் கடைக்கு மாறிவிட்டன. நீரஜா போன் செய்யவில்லை, துணியும் தரவில்லை. கை ஆறிய பிறகு, மிச்சமிருந்தவர்களுக்காக மறுபடி கரி மூட்டினார்.

நேற்று உச்சிவெயிலில் போனேன். மைனா ஒருக்களித்துக் கிடந்தது. நான் நின்ற நேரம் முழுக்க அது ஒருமுறைகூடச் சொறியவில்லை. திடீரென்று முருகையன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பாதி தேய்த்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்கடியில் குந்தினார். புறங்கையை அதன் மூக்கெதிரே நீட்டினார். மூச்சு வந்து பட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.