குளிருக்கு ஒரு ஒத்திகை

ஸ்வீடனில் முழுக்கப் பனிக்கட்டியால் கட்டிய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. டிசம்பர் லீவில் அங்கே ஓர் இரவு தங்க வேண்டும் என்பது என் மனைவி சுமதியின் ஆசை. அறைக்குள்ளேயே மைனஸ் ஐந்து டிகிரி என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. துபாயில், எங்கள் கராமா ஃபிளாட்டில் ஏசியைக் கொஞ்சம் கூட்டினாலே அவளுக்குத் தும்மல் வந்துவிடும்.

"ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம்" என்று, நான் கணக்கு பார்க்கும் மீன் கம்பெனியின் கோல்டு ஸ்டோருக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே டூட்டியில் இருந்த தூத்துக்குடிக்காரர் செல்வம் இரண்டு தடித்த ஜாக்கெட்டுகளைக் கொடுத்தார்.

"உள்ள பச்சைக் குமிழ் இருக்கு சார். அமுக்குனா கதவு தொறந்துரும். பயப்படாதீய."

கதவு மூடிய சத்தம் கேட்டதுமே எனக்கு வெளியே போனால் போதும் என்றாகிவிட்டது. குமிழை மறந்தே போனேன். கதவை இரண்டு கைகளாலும் இழுத்தேன், தட்டினேன், செல்வத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சுமதி நிதானமாக வந்து குமிழை அமுக்கினாள்.

வெளியே வந்ததும் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "ஃப்ரீசருக்குள்ள போய் வேர்த்துட்டு வர்றீங்களே! எனக்கு ஒரு தும்மல்கூட வரலைங்க."

அதுவரை அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று நானும் நம்பியிருந்தேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து அந்த ஹோட்டலுக்கு மெயில் அனுப்பினேன். அறைக்கதவை உள்ளேயிருந்து எப்படித் திறப்பது என்று மட்டும் கேட்டேன். பனி அறைகளுக்குக் கதவே கிடையாது, திரைச்சீலைதான் என்று பதில் வந்தது.

உடனே சுமதிக்குப் போன் செய்து, டிக்கெட் போடப்போவதாகச் சொன்னேன்.

"குளிருமேங்க?" என்றாள்.

"குளிரட்டும்" என்றேன்.