பட்டை நிப்பும் விளக்கெண்ணெயும்

சித்தப்பா கோயமுத்தூரிலிருந்து பேனா வாங்கி வந்திருக்கிறார் என்றதும் அடுப்படியிலிருந்து ஓடினேன். பார்த்தால் அது ஒரு மரக்குச்சி. நுனியில் ஒரு இரும்புத் துண்டு செருகியிருந்தது. வாத்தியார் தொட்டெழுதும் பேனாவுக்கு முனை ஊசியாக இருக்கும். இதையோ உளி மாதிரி சப்பையாக வெட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் மயிரிழை போல ஒரு கீறல். கீறல் எதற்கு, மை எங்கே தங்கும், முனை ஏன் கூராக இல்லை என்று நான் துளைத்த துளைப்பில் சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். டவுனில் புதிதாக வந்த ஒரு மில்லில், நூல் சிப்பங்களில் ஒட்டும் சீட்டுகளுக்குப் பட்டையாக, அழகாக எழுத ஆள் தேடினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பிடித்துப்போனால் வேலை. சித்தப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் பட்டை நிப்பை அவர் அதற்குமுன் தொட்டதே இல்லை. வேலை கிடைத்தால் கோயமுத்தூரிலேயே தங்கல். கிடைக்காவிட்டால் அய்யனோடு தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான். அய்யன் என்றால் என் அப்பா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். இந்த வேலையைப் பற்றி அவர் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பா பேனாவை மையில் தொட்டுத் தாளில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டார். பொத்தென்று ஒரு சொட்டு விழுந்து, 'அ' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாவற்பழம் உட்கார்ந்தது. நிப்பைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு இலைமேல் மழைத்தண்ணீர் போல மை உருண்டு உருண்டு நின்றது. சித்தப்பா மையைத் திட்டினார், தாளைத் திட்டினார், அடியில் வைத்திருந்த பலகையையும் விடவில்லை.

"ஏனுங் கொழுந்தனாரே, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் சித்தப்பா பேனா விற்ற ராவுத்தரிடமே போய்க் கேட்டு வந்தார். சோற்றில் கை வைத்தபடியே வீடு முழுக்கக் கேட்கச் சொன்னார்: "துரு புடிக்காம இருக்கப் புது நிப்புல எண்ணெய் பூசித்தான் வருமாமுங்கண்ணா. எண்ணெய் இருந்தா மை நிக்காதாமா. தீக்குச்சியில லேசாக் காட்டிப்போட்டு எழுதோணுமாமா."

அய்யன் தலை நிமிராமல் ரசம் ஊற்றிக்கொண்டார்.

தீயில் காட்டியதும், அடேங்கப்பா! மை அந்தக் கீறல் வழியே சமர்த்தாக இறங்கியது. கீழே இழுத்தால் பட்டையாக ஒரு கோடு. பக்கவாட்டில் இழுத்தால் நூலாக ஒரு கோடு. கை அழுத்தவே இல்லை, அதே நிப்புதான்! எனக்கும் ஒரு 'ட' எழுதக் கொடுத்தார். பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒரே எழுத்துக்குள் தடிப்பும் மெலிவும் தானாகவே வந்துபோயின. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விடிந்து பார்த்தால் மை மறுபடியும் உருண்டது. மறுபடியும் தீ. அதற்கு மறுநாளும் அதே கதைதான். சூடு தாங்காமல் முனை வளைந்து, கீறல் வாயைப் பிளந்துகொண்டது. பேனாவோடு வாங்கி வந்ததில் மிச்சமிருந்த ஒரே நிப்பைச் செருகி, பதமாகத் தீயில் காட்டி, வழக்கம்போல மாடத்தில் வைத்தார். இதுவும் போனால் வேலையும் போச்சு. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

எனக்கோ மண்டை குடைந்தது. எரிந்துபோன எண்ணெய் திரும்ப எங்கிருந்து வருகிறது? அன்று சாயங்காலம் மாடத்துக்கு எதிரே உட்கார்ந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து அய்யன் வந்தார். எங்கள் பக்கத்தில் அருவாளோ மண்வெட்டியோ, வேலை முடிந்த இரும்பை விளக்கெண்ணெய்த் துணியால் துடைக்காமல் வைக்கமாட்டார்கள். ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு மாடத்திலிருந்த பேனாவையும் எடுத்து, அதே துணியால் நிதானமாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். குதிப்பார் என்று பார்த்தால், எழுந்து போய்ப் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணன்கிட்ட ஒண்ணும் கேட்டுப்போடாதே கண்ணு" என்றார். "இனித் தீயில காட்டுனா இந்த நிப்பும் போயிருமே."

"தலை எண்ணெய் போறதுக்கு அரப்புப் போடறமில்லீங்க சித்தப்பா?" என்றேன்.

அரப்புத்தூளைக் கரைத்து, குழந்தைக்குத் தலை முழுக்காட்டுகிற மாதிரி நிப்பைத் தேய்த்துக் கழுவினோம். மை ஒட்டிக்கொண்டது. சித்தப்பா உட்கார்ந்தவர் தாளை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வேலையும் கிடைத்தது.

அவர் புறப்பட்ட அன்று டிரங்குப் பெட்டியை அய்யன்தான் தலையில் வைத்து மதுக்கரை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார். "நாந் தூக்கறனுங்கண்ணா" என்று சித்தப்பா வழியெல்லாம் கேட்டும் கொடுக்கவில்லை. வண்டி போத்தனூர்ப் பக்கம் போய் மறைந்த பிறகும் அங்கேயே நின்றார். திரும்பி வரும் வழியில் என் வாய் சும்மா இருக்குமா?

"பேனாவுக்கு எண்ணெய் போட்டா மை நிக்காதுங்கய்யா."

"தெரியும் கண்ணு" என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரிந்த மனுஷர் தினமும் மறந்துபோவாரா! இவருடைய மறதியால் ஒரு நல்ல நிப்பு அநியாயமாக வளைந்துபோனதே என்று, வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.