தாளிப்பு மணம் வராத மாடி

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே கடை. மேலே ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. கட்டடம் முதலாளிக்குச் சொந்தம். என் கணவர் அவரிடம் துணி அளந்து கிழிக்கும் வேலையில் இருந்தார். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது.

முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர், சரியான முன்கோபி. மேலே நான் தாளித்தால் போதும், கீழே அவருக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். "மிளகாயக் கொறச்சுப் போடு மக்ளே, மனுசன் யாவாரம் பாக்காண்டாமா?" என்று கல்லாவிலிருந்தே சத்தம் போடுவார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அந்த வருஷம், புதுத்துணி வியாபாரம் சூடுபிடிக்கும் விஷுப் பண்டிகை நெருங்கும் சமயம் ஊரில் வைசூரி அம்மை பரவியது. தமுக்கடித்து ஓர் உத்தரவு சொன்னார்கள். நோய் கண்ட கட்டடத்தில் கடை இருந்தால் பூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சரக்கைப் புகை போட்டுச் சுத்தம் செய்யும்வரை விற்கக் கூடாது. நோயாளியை இடம் மாற்றக் கூடாது, அதைச் சாக்காக வைத்து வேலையை விட்டு நீக்கவோ வீட்டைக் காலி செய்யச் சொல்லவோ கூடாது. கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் கடைத்தெருவில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். யாருக்காவது அம்மை முத்துப் போட்டது தெரிந்தால், சுகாதார இன்ஸ்பெக்டர் வருவதற்குள் மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் நோயும் இல்லை, கடையும் பூட்ட வேண்டாம். பக்கத்தில் மூட்டை தூக்கும் ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்கள். பாவம், போகிற வழியிலேயே இறந்துவிட்டாராம்.

பிறகு என் கணவருக்கே வந்தது. காய்ச்சல் என்று மட்டும் கீழே சொல்லிவைத்தேன். வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அவர் பாயில் மட்டும் பரப்பினேன். ஆனால் ஒன்றை என்னால் மறைக்க முடியவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எண்ணெய் காயும் வாடை படுத்திருப்பவருக்கும் ஆகாது, அம்மனுக்கும் ஆகாது. கொஞ்சம் கடுகைப் பொரித்து வாடை காட்டிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராதே என்று கரண்டியை எடுக்கக்கூடச் செய்தேன். பாயில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றார்.

"மக்ளே, ரெண்டு மூணு நாளா எனக்குத் தும்மலே வரல்ல. உள்ளதைச் சொல்லு, அவனுக்கு அம்மையா?"

"ஆமா அண்ணாச்சி. வண்டியில மட்டும் ஏத்திராதீங்க, செத்துப்போவாரு" என்று அழுதேன்.

"விஷுச் சரக்கு மொத்தமும் வந்து எறங்கியிருக்கு. இந்த நேரம் பாத்தா வரணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் கீழே அடுத்த கடைக்காரரின் குரல் கேட்டது. "நாளைக்கு விடியதுக்கு முன்ன அனுப்பிரும் அண்ணாச்சி. ஆரு அறியப்போறா? சட்டப்படி நின்னீருன்னா இந்த வருசம் யாவாரம் போச்சு."

முதலாளியின் பதில் என் காதில் விழவில்லை. எல்லாம் முடிந்தது என்று கணவரின் வேட்டிகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினேன். அப்போது கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது, பட்டப்பகலில். ஜன்னலுக்கு ஓடினேன். தெருவே பார்க்க, முதலாளி கடை வாசலில் வேப்பங்கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீரு சொன்னபடி அனுப்பிப்போட்டு நான் எப்பிடிவே உறங்குவேன்? போயி அந்த இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வாரும்!" என்று அடுத்த கடைக்காரரிடம் கத்தினார். இரைக்க இரைக்கக் கத்தினார். நான் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விஷு பூட்டிய கடையோடு போயிற்று. தினமும் படியடியில் முதலாளி வைத்த இளநீர் இருக்கும். "கெடக்கானா, எந்திரிச்சானா?" என்று தெருவில் நின்று கேட்டுவிட்டுப் போவார். என் கணவருக்கு ஒரு கண் போயிற்று, உயிர் தங்கியது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஆட்கள் வந்து, எங்களை ஒரு நாள் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கந்தகப் புகை போட்டார்கள். அதில் விற்காமல் கிடந்த கசவு முண்டு வேட்டிகளின் சரிகையெல்லாம் கறுத்துப்போனது. முதலாளி ஒன்றை விரித்துப் பார்த்தார், திரும்ப மடித்து வைத்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

கடை திறந்த அன்று, நானும் அடுப்பில் கரண்டியை வைத்தேன். மிளகாயைத் தாராளமாகவே கிள்ளிப் போட்டேன். கீழே சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வந்தது பாருங்கள் ஒரு தும்மல்! "கொறச்சுப் போடு மக்ளே!" பாயில் உட்கார்ந்திருந்த என் கணவர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

எங்களை அந்த மாடியிலிருந்து அசைக்கக் கூடாது என்று சொன்னது சட்டம்தான், ஆனால் அதற்காகத் தன் கடைப் பலகையைப் பட்டப்பகலில் சாத்த ஒரு மனிதர் வேண்டியிருந்தது என்பதைக் கடுகு வெடிக்கும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.