புரட்டாசியில் ஒரு கிறிஸ்துமஸும் ரெண்டு போலீசும்

சினிமா ஷூட்டிங்குக்கு இடம் புடிச்சு, ஆள் கூட்டிக் குடுக்கிறது என் வேலை. அதாவது சினிமாக்காரங்க கிட்ட ஊருக்காகவும், ஊருக்காரங்க கிட்ட சினிமாவுக்காகவும் திட்டு வாங்குற வேலை. கல்யாணத்துக்கு சமையல் ஆள் அனுப்புறவங்க, டூருக்கு வேன் பேசிக் குடுக்கிறவங்க, இப்படி ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நிக்கிறவங்க யாரா இருந்தாலும் இதைப் படிச்சா "அட, நம்ம கதை"ன்னு சொல்லுவீங்க. காஞ்சிபுரத்துல நான் எத்தனையோ ஷூட்டிங் பார்த்தாச்சு. ஆனா அந்த ரெண்டு போலீஸ் படம் மாதிரி என் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கினது வேற எதுக்கும் இல்ல. ஒருத்தருக்கொருத்தர் ஆவாத ரெண்டு போலீஸ்காரங்க, கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒண்ணா சேர்ந்து ஒரு கும்பலைத் துரத்திப் புடிக்கிறாங்க. அவ்ளோதான் கதை.

தெருவெல்லாம் ஸ்டார்

கதையில கிறிஸ்துமஸ், ஷூட்டிங் நடந்ததோ புரட்டாசி மாசம். ஆர்ட் டைரக்டர் எங்க நெசவுத் தெருவுல வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கவிட்டு, குடில் வச்சு, சீரியல் பல்பு போட்டுட்டாரு. பெருமாளுக்குத் தளிகை போடுற வீட்டு வாசல்லயும் ஸ்டார். வேலை முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல இருந்து இறங்கி வந்த எங்க தெரு டேவிட் அண்ணன் அப்படியே நின்னுட்டாரு. கிறிஸ்துமஸை முன்னாடி வச்சுட்டாங்களா, பசங்களுக்கு இன்னும் துணி எடுக்கலியேன்னு அவருக்குக் கவலை.

என் கவலை வேற. எதிர்வீட்டு சுலோச்சனாக்காவோட தறி காலியா நின்னுக்கினு இருந்தது. கல்யாணப் புடவைக்கு உண்டான பட்டுப் பாவு, அதான் தறியில நீளவாக்குல ஓடுற இழை, சாயம் போட்டு வந்துடுச்சு. நாங்க கார் சேஸ் எடுக்கிற அதே காலையிலதான் அக்கா அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தெளிச்சு, காயவச்சு, சுத்தி எடுத்தாவணும். பாவு கெட்டா மூணு புடவை போச்சு, அக்காவுக்கு அந்த முகூர்த்த சீசனே போச்சு. "பாவு உள்ள போற வரைக்கும் ஒரு வண்டியும் வராது, நான் பொறுப்பு"ன்னு வாக்கு குடுத்துட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க.

"எதாவது ஆச்சுன்னு வையி எஸ்தரு, உன் சினிமாக்காரங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உன்னைத்தான் கேப்பேன்."

முதுகும் முதுகும்

ஹீரோ ரெண்டு பேர். பெரியவருக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்கணும். சின்னவர் எப்ப வருவாரு, எப்ப கோவப்படுவாருன்னு அவருக்கே தெரியாது. ரெண்டு பேரும் நிஜத்துலயும் பேசிக்கிறதில்ல. ஃபேனைக் கொஞ்சம் திருப்பணும்னாக்கூட "அவரு கிட்ட சொல்லுங்க"ன்னு என் மூஞ்சியைப் பார்த்துதான் சொல்லுவாங்க. அவரு ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருப்பாரு. நான் அந்த ரெண்டடிக்கு நடந்து போயி சொல்லணும்.

ஆனா கேமரா ஓடுச்சுன்னா சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சண்டை போடுவாங்க. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. கட் சொன்ன அடுத்த நொடி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்குவாங்க. "என்ன தம்பி இது"ன்னு அசிஸ்டென்ட் டைரக்டர் பிரபு கிட்ட கேட்டேன்.

"இது கதைக்கு ரொம்ப நல்லதுக்கா. கடைசி சீன்ல கட்டிப்புடிக்கணும், அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

பிரியாணியும் பெருமாளும்

தெரு ஓரமா நீளமா பந்தல் போட்டு கிறிஸ்துமஸ் விருந்து சீன். பக்கத்து ஊருங்க தாமல்ல இருந்தும் திருப்புட்குழியில இருந்தும் வேன் வச்சு ஆள் கூட்டியாந்தேன். இலை போட்டு, ஆவி பறக்க கோழி பிரியாணி வச்சாச்சு. ஆக்‌ஷன்னு சொன்னாரு டைரக்டர். ஒரு கை இலைக்குப் போவல. அத்தனை பேரும் கோழியை வெடிகுண்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கினு உக்காந்திருக்காங்க.

புரட்டாசியில கவுச்சி தொடாத ஜனத்தை கோழி முன்னாடி உக்கார வச்சுட்டேன். எங்க வீட்டுல எல்லா மாசமும் சாப்பிடுறதால எனக்கு அந்த நினைப்பே வரல பாருங்க. டைரக்டர் மைக்குல "சந்தோஷமா சாப்பிடுங்க, சந்தோஷமா"ன்னு கெஞ்சுறாரு. கடைசியில கோழியை எடுத்துட்டு, மசாலா போட்ட உருளைக்கிழங்கை வச்சு சமாளிச்சோம். முன்வரிசையில இருந்த திருப்புட்குழி அம்மா ஒருத்தங்க டைரக்டரைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னாங்க.

"வருத்தப்படாத சாமி, இந்த மாசம் முடியட்டும். ஐப்பசியில வந்து எடு, எலும்பு கூட விடாம நடிச்சுக் குடுக்கிறோம்."

முனுசாமி கான்ஸ்டபிள்

தாமல்ல இருந்து நடிக்க வந்த முனுசாமிக்கு போலீஸ் டிரஸ் போட்டதுதான் தாமதம், ஆளே மாறிட்டான். டீ குடிக்க முக்குக்குப் போனவன், அங்க ஆட்டோவும் பஸ்ஸும் மாட்டிக்கினு இருந்ததைப் பார்த்துட்டு நடுரோட்டுல இறங்கிட்டான். கை காட்டுறான், விசில் இல்லாம வாயாலயே விசில் அடிக்கிறான், ஹெல்மெட் போடாதவன் எல்லாம் வண்டியைத் திருப்பிக்கினு ஓடுறான். நான் அலறி அடிச்சுக்கினு போறதுக்குள்ள நிஜ போலீஸ்காரர் ஒருத்தர் வந்து நின்னுட்டாரு. அவரு முனுசாமியை மேலும் கீழும் பார்த்தாரு, ரோட்டைப் பார்த்தாரு. ரோடு சுத்தமா காலியா இருந்தது.

"நல்லாத்தான் பண்ற. அந்த லாரியையும் அனுப்பிட்டு டிரஸ்ஸைக் கழட்டு, நான் அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வரேன்."

இழு, விடு

சேஸ் எடுக்கிற நாள் வந்துச்சு. மதியம் வரைக்கும்தான் பர்மிஷன். தெருவுல சுலோச்சனாக்காவோட பாவு, அரக்குக் கலர்ல, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தகதகன்னு நிக்குது. அடியில மூங்கில் தாங்கல். தெரு முனையில போலீஸ் ஜீப்புல ரெண்டு ஹீரோவும் ரெடி. பின்னால வில்லன் ஆளுங்க பத்திருபது பேர். "அதைக் கொஞ்சம் ஓரமாத் தள்ள முடியாதாக்கா"ன்னு பிரபு அஞ்சாறு வாட்டி கேட்டுட்டான். நான் ஜீப்புக்கு முன்னாடி போயி நின்னுக்கினேன். அப்பதான் வானம் கறுத்துது.

முதல் தூறல் என் கையில விழுந்துச்சு. கஞ்சி ஈரத்துல மழையும் சேர்ந்தா இழையெல்லாம் ஒட்டிக்கும், கலர் கலங்கிடும். ஓடி வந்து கை குடுக்கிற அக்கம்பக்கத்து ஜனங்க எல்லாம் மேக்கப் வேன் கிட்ட, கூட்டத்துல நடிக்க நான்தான் அனுப்பி வச்சிருக்கேன். என்ன பண்றதுன்னு தெரியல, ஜீப் கதவைத் திறந்து "சார், இறங்குங்க சார்"னு ரெண்டு பேரையும் கையைப் புடிச்சு இழுத்துட்டேன். சுலோச்சனாக்கா ஒரு நொடி யோசிக்கல. பெரியவரை இந்தக் கோடி, சின்னவரை அந்தக் கோடி, நடுவுல மூங்கிலைத் தூக்க வில்லன் ஆளுங்க, முனுசாமி, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவருன்னு நிறுத்திட்டாங்க. கட்டை அவுத்து அப்படியே பக்கவாட்டுல தூக்கிக்கினு விருந்துப் பந்தலுக்குள்ள போவணும். பட்டு தொய்யவும் கூடாது, அளவுக்கு மேல விறைக்கவும் கூடாது. ரெண்டு கோடியும் ஒரே மாதிரி இழுத்துப் புடிக்கணும்.

ரெண்டடி எடுத்து வச்சாங்க. சின்னவர் வெடுக்குன்னு இழுத்துட்டாரு. டப்புன்னு ஒரு இழை அறுந்துச்சு. எனக்கு உசுரே போச்சு. "பேசிக்கினு இழுங்கப்பா, ரெண்டு பேரும் ஊமையா"ன்னு அக்கா கத்துன கத்துல தெருவே அடங்கிப் போச்சு. பெரியவர்தான் முதல்ல வாயைத் திறந்தாரு, "தம்பி, கொஞ்சம் விடு." சின்னவர் "விட்டேண்ணா, நீங்க இப்ப வாங்க"ன்னாரு. "வரேன், நில்லு." "நின்னுட்டேன்." இப்படியே சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு அடியா, பாவு பந்தலுக்குள்ள போச்சு. கடைசி மூங்கில் உள்ள போனதும் மழை சோன்னு ஊத்த ஆரம்பிச்சுது. வில்லன் ஆளுங்க கை தட்டுறாங்க, கிறிஸ்துமஸ் தாத்தா தாடியைக் கழட்டி மூஞ்சியைத் துடைக்கிறாரு, நான் சந்தோஷத்துல பிரபுவைப் புடிச்சுக்கினு அழுவுறேன். அக்கா மட்டும் குனிஞ்சு, அறுந்த ஒத்தை இழையை முடிஞ்சுக்கினு இருந்தாங்க.

மழை விடவே இல்ல, சேஸும் எடுக்கல. தலையில கை வச்சு உக்காந்திருந்த டைரக்டர், இன்னொரு நாள் தெருவைக் கேட்டுக் குடுங்கன்னு என்னைத்தான் அனுப்பினாரு. எந்த மூஞ்சியை வச்சுக்கினு கேக்கறதுன்னு கூச்சப்பட்டுக்கினே போயி நின்னேன். அக்கா கை அது பாட்டுக்கு வேலை செய்யுது, தலை நிமிரல.

"அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு இன்னொரு பாவு இருக்குது, அன்னிக்கு வரச்சொல்லு. அந்த ரெண்டு பேரையும் விடியகாலையிலயே அனுப்பிடு, பாவு புடிக்க வேற ஆள் வேணாம்."

இதுதாங்க நம்ம பொழப்பு: ஓடி முடிஞ்ச படத்துல தேடினாலும் நம்ம பேரு கிடைக்காது, தெருவுல ஒரு இழை அறுந்தா மொதல்ல கூப்பிடுறது நம்ம பேரைத்தான்.