வால்புர்கா நிறுத்திய கடிகாரம்

எங்கள் தாத்தாக்கள் பனிக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து மரத்தில் செய்த கடிகாரத்தை, எங்கள் ஊர் ஷ்ராம்பெர்க்கின் முதலாளி ஒருவர் அமெரிக்க இயந்திரங்களை இறக்கி, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் செய்ய வைத்தார். அந்தத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில், பத்தொன்பது வருடம் வால்புர்காவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது.

அலாரம் கடிகாரங்கள் அங்கே ஆறு நாள் ஓடவேண்டும்: நிமிர்த்தி, மல்லாத்தி, தலைகீழாக. ஐந்நூறு கடிகாரமும் ஒன்றாக இரையும்போது வால்புர்கா நடுவில் நடப்பாள். ஒன்றை எடுத்து, "இது நாளைக்கு நின்னுடும்" என்பாள். மறுநாள் நின்றிருக்கும். மேஸ்திரி முதலில் சிரித்தார். பிறகு அவள் ஒதுக்கியதை அப்படியே பழுது பார்க்கத் திருப்பி அனுப்பினார். எனக்கு அவள்மேல் பொறாமைதான், மறைப்பானேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம் பிப்ரவரியில் அவள் கணவர் செவெரினுக்கு நிமோனியா. பாதிரியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். ஞாயிறு மத்தியானம் வால்புர்கா அவர் மார்பில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். துடிப்பு தடுமாறி, நின்றது. அந்தக் காது தப்பாகக் கேட்டதே இல்லை. எங்கள் வழக்கப்படி எழுந்து சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினாள், உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்தாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஜன்னலைச் சாத்துடி, குளிருது."

செவெரின் பிழைத்துக்கொண்டார். வம்பு அதற்கப்புறம்தான். சாவுக்கு நிறுத்திய கடிகாரத்தைச் சவப்பெட்டி குழிக்குள் போன பிறகுதான் ஓட்டலாம். இங்கே பெட்டியும் இல்லை, குழியும் இல்லை. கடிகார ஊரில் ஒரு வீட்டில் கடிகாரம் நின்றிருந்தால் விடுவார்களா? அதை ஜன்னல் வழியாகப் பார்த்த ஒருத்தி மலர் வளையத்தோடு வந்துவிட்டாள். கதவைத் திறந்தவர் செவெரின். பாதிரியாரே வந்து ஓட்டச் சொல்லியும் வால்புர்கா மறுத்தாள். தொட்டால் கணக்குத் தீர்க்க யாரோ வந்து இவரைக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயம். என்னிடம் அழுதே சொன்னாள்.

மூன்றாவது வாரம் செவெரினுக்குப் பொறுமை போய்விட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"என் சாவுக்கு நானே வந்து நிக்கிறேன், போதுமா?" என்று ஊசலைத் தள்ளிவிட்டார். கடிகாரம் ஓடியது. அவர் திரும்ப உட்கார்ந்து மிச்சப் பருப்பையும் தின்றார்.

அதன்பின் பதினோரு வருடம் இருந்தார். வேலைக்குப் போனார், சீட்டாடினார், மனைவியோடு சண்டை போட்டார். நாற்பத்திரண்டில், போர் வந்து, எங்கள் கூடத்தில் கடிகாரம் போய்க் குண்டு வெடிக்க நேரம் வைக்கும் திரிகள் வந்த பிறகு, ஒரு காலையில் ஷூ கட்டும்போது சாய்ந்துவிட்டார். செய்தி கேட்டு ஓடிய நான் முதல் வேலையாக ஊசலை நிறுத்தக் கையை நீட்டினேன். வால்புர்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. இவருக்கு அன்னைக்கே நிறுத்தியாச்சு."

கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கண் தெளிவாக இருந்தது. இவர் பிழைத்த அன்றிலிருந்து தினமும், இவர் தூங்கியதும் மார்பில் காதை வைத்தேன் என்றாள். மூச்சு வந்தது. சூடு இருந்தது. துடிப்பு மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

தரையில் கிடந்தவரின் ஷூ நாடாவை நிதானமாகக் கட்டி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குடி சமைச்சுப் போட்டேன்?"