அகராதியின் வீட்டுக்காரி

சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான், தன் புருஷனுக்கு ‘அகராதி’ என்றொரு பட்டப்பெயர் இருந்த விஷயமே அவர் மனைவிக்குத் தெரிந்தது. சொன்னவர்கள் அவருடன் வேலை பார்த்த மூன்று பேர்: சரக்கு வண்டி டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளத்தில் வழி மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். கார்டின் தகரப் பெட்டியையும், ஓய்வறையில் கிடந்த சட்டையையும் துண்டையும் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார்கள்.

“அகராதியா? அவரா?” என்றாள் அவள். “வீட்டுல ஒரு வார்த்தை பேசணும்னா காசு கேப்பாரே தம்பி!”

பொய்யில்லை. வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். “என்ன விசேஷம்?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல.” சாப்பாடு எப்படி என்றால் “ம்.” அந்த ‘ம்’மை வைத்தே உப்புக் கூடவா குறைவா என்று கண்டுபிடிக்க அவள் பழகிக்கொண்டாள். கல்யாணமான புதிதில், தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டாள். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாய்ப் போய்வருகிற மனுஷனுக்குப் பேச்சு மறந்துபோகாதா, பாவம். மகளிடமும் அதையே சொல்லி வளர்த்தாள்: “அப்பாவுக்குப் பேச வராதும்மா.”

பேச வராதாம்! ரயில்வே யார்டில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

“புதுசா யார் வேலைக்குச் சேர்ந்தாலும், மொத நாள் டீ குடிக்கறப்போ அந்த வேலைக்கு அண்ணன்தான் விளக்கம் சொல்லுவாரு அண்ணி,” என்றார் டிரைவர். “அவரு வாயால வாங்கிக் கட்டிக்காத வரைக்கும் அவன எங்க ஆளாவே எண்ண மாட்டோம். எனக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ‘டிரைவர்னா, ஸ்டியரிங்கே இல்லாத வண்டிய ஓட்டிட்டு, வழி தப்பாம வந்தேன்னு பீத்திக்கறவன்.’”

பாயிண்ட்ஸ்மேன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“பெரிய அதிகாரிக்கு?” என்று ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்துக்கொடுத்தார். “‘நல்லா ஓடற வண்டிய நிறுத்தி, ஏன் நிக்குதுன்னு கேக்கறவரு.’ அதிகாரி பின்னாடியே நின்னு கேட்டுட்டாரு அண்ணி. மனுஷன் அசரலையே. ‘உங்கள இல்ல சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவர’ன்னுட்டாரு.”

“டிக்கெட் பரிசோதகர்?” என்றாள் அவள், தன்னை அறியாமல்.

“‘தூங்கறவன எழுப்பி, நீங்க தூங்குங்கன்னு சொல்லிட்டுப் போறவன்.’”

களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கையிலிருந்த டீ தட்டில் சிந்தியது. அவர் போனதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். அவர்கள் மூவருக்கும் அது போதுமானதாக இருந்தது. துக்க வீடு என்பதையே மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கார்டு வேலைக்கே அவர் சொன்னதாம்: ‘வண்டி ஊர் போய்ச் சேர்ந்து, அதுக்கப்புறம் வந்து சேர்றவன்.’ சுவரில் படமாக இருந்தவரை அவள் திரும்பிப் பார்த்தாள். இந்த வாயையா இத்தனை வருஷம் எனக்கு மூடிக் காட்டினாய் என்று வயிறு எரிந்தது.

டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

“எல்லாருக்கும் சொன்னாரே. வீட்டுக்காரிக்கு என்ன சொன்னாரு?”

சிரிப்பு அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் போன் வந்ததென்று வாசலுக்குப் போய்விட்டார். டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

“சொல்லாம இருப்பாரா அண்ணி? ‘வீட்டுக்காரின்னா, வாழ்க்கைக்குக் கெடச்ச பச்சை விளக்கு’ன்னாரு.”

அவள் தலையசைத்தாள். கல்யாண வாழ்த்து அட்டையில் போடுகிற வாசகம். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அவளுக்குப் புருஷனின் நாக்கு பிடிபட்டுவிட்டது. அவர் சொல்லியிருந்தால் அதில் ஒரு குத்தல் இருக்கும்.

போனை வைத்துவிட்டு வந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதையே கேட்டாள். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “‘கடைசி ஸ்டேஷன்’னு சொல்லுவாரும்மா. எங்க சுத்தினாலும் அங்கதான வந்து சேரணும்னு.”

டிரைவர் கண்ணைக் காட்டியது அவருக்குப் புரியவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் ஒரு வண்டியையும் நகரவிடாத ஆட்கள். அவளைத் தேற்றும் அவசரத்தில் அது விட்டுப்போயிற்று.

“நல்லாத்தான் சொல்லியிருக்காரு,” என்றாள் அவள். இவ்வளவு பாடுபட்டு இரண்டு பேர் தனக்காகப் பொய் சொல்கிறார்களே என்று அவர்கள் மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது பாயிண்ட்ஸ்மேன் கடைசியாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகக் கேட்டாள்: “நீங்களாவது நிஜத்தச் சொல்லுங்க தம்பி.”

அவருக்குப் பொய் வரவில்லை. “வீட்டப் பத்தி அண்ணன் பேசினதே இல்ல அண்ணி. யாராவது பொண்டாட்டிய வெச்சு ஜோக் அடிச்சாக்கூட எந்திரிச்சுப் போயிருவாரு. உங்க மேல அவ்ளோ மரியாதை.”

“மரியாதை,” என்றாள் அவள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “மரியாதைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ‘அவ ஒரு தொல்லை’ன்னாவது சொல்லிச் சிரிச்சிருக்கலாம்ல. ‘நச்சரிப்பா’ன்னு சொல்லியிருக்கலாம். என் நெனப்பு அவருக்கு வந்துச்சுங்கறதுக்கு அது ஒரு சாட்சியாவது இருந்திருக்கும்.”

பாயிண்ட்ஸ்மேன் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். தெருமுனையில் மற்ற இரண்டு பேரும் அவருக்காகக் காத்து நின்றார்கள். அவள் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் எதையாவது மறந்திருப்பார், இப்போது ஞாபகம் வந்துவிடும் என்பதுபோல.